திருவாதிரைக் காற்றும் சுருட்டு இலையும்

யாழ்ப்பாணத்தில் சுருட்டைப் பத்துவோம். இங்கே கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையில் தமிழர்கள் குடிக்கிறார்கள். மலையாளத்தில் அதையே வலிக்கிறார்கள். 2011இல் கல்யாணமாகி இந்த எல்லை ஊருக்கு வந்த புதிதில், என் மாமனாரைப் பற்றி, "மாமா சுருட்டுப் பத்துறவரோ?" என்று கேட்டேன். ஒருவருக்கும் புரியவில்லை. தமிழ் பேசுகிற ஊர்தான், தமிழ்ப் பள்ளிக்கூடம் உண்டு, வேலந்தாவளம் தாண்டினால் தமிழ்நாடு. ஆனாலும் அன்று ராத்திரி அழுதேன்.

விசாவுக்கு அலைந்ததும் ரேஷன் கடையில் மலையாளம் பழகியதும் எல்லோருக்கும் நடப்பதுதான். என்னை முதலில் இந்த ஊரோடு ஒட்டவைத்தது பக்கத்து வீட்டு மலையாளப் பாட்டி. எந்த ஊர் என்று கேட்டார். யாழ்ப்பாணம் என்றேன். "ஜாப்பாணம் புகையிலை!" என்று முகம் மலர்ந்தார். அவருடைய அம்மா வெற்றிலைக்கு அந்தப் பெயர் சொல்லித்தான் கடையில் வாங்குவாராம். ஒரு காலத்தில் எங்கள் ஊர்ப் புகையிலை தோணியேறித் திருவிதாங்கூருக்கு வந்தது. எனக்கு முன்னாலேயே என் ஊர் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது!

என் அம்மப்பா சுருட்டுச் சுற்றும் கொட்டிலில் வேலை செய்தவர். பெண்பிள்ளைகளை அங்கே விடமாட்டார்கள், வாசலில் நின்று பார்த்ததோடு சரி. ஆச்சிமார் சுருட்டுப் பத்துவதில் மட்டும் யாருக்கும் ஆட்சேபம் இருந்ததில்லை.

மாமாவுக்குத் திண்டுக்கல் சுருட்டு பழக்கம். வழக்கமாக வாங்கும் கடையை மூடிவிட்டார்கள். நானே சுற்றித் தருகிறேன் என்றேன். அம்மாவிடம் தொலைபேசியில் கேட்டுக் கேட்டு, வேடசந்தூர்ப் பக்கமிருந்து ஒரு கட்டு இலை வரவழைத்தோம். அந்தப் பக்கம் புகையிலைக்குப் பேர்போனது, 1948இலேயே அங்கே ஆராய்ச்சி நிலையம் வந்துவிட்டது.

இலைக்குத் தண்ணீர் தெளித்து ஈரச்சாக்கில் ஒரு ராத்திரி மூடி வைக்கவேண்டும். காலையில் தொட்டால் பழைய பட்டுச்சேலை மாதிரி மடங்கவேண்டும், கையில் தண்ணீர் ஒட்டக்கூடாது. நடு நரம்பை உருவி எடுத்தால் இலை இரண்டு பாதியாகும். நல்ல பாதிகளை மேல் சுற்றுக்கு ஒதுக்கிவிட்டு, மற்றதை உள்ளே நீளவாக்கில் அடுக்குவேன். இலை நுனியெல்லாம் பற்றவைக்கிற பக்கம் இருக்கவேண்டும். இதை ஓர் இலையில் இறுக்கி உருட்டியபின்தான் மேல் சுற்று. அதில் நரம்பு உள்பக்கமாக இருக்க, இலையை லேசாக இழுத்துச் சாய்வாகச் சுற்றிக்கொண்டே போய், நுனியில் மட்டும் ஒரு பொட்டு மைதாப் பசை. இடப் பாதியையும் வலப் பாதியையும் ஒரே பக்கமாகச் சுற்றக்கூடாது. நரம்பின் போக்கு மாறுவதால் ஒன்று இந்தப் பக்கம், மற்றது அந்தப் பக்கம்.

முதல் பத்துச் சுருட்டும் வீண். இறுக்கிச் சுற்றியதில் புகையே வரவில்லை. தளர்த்திச் சுற்றியது சூடேறி மளமளவென்று எரிந்தது. ஈர இலையை நெடுநேரம் அளைந்ததில் எனக்குத் தலை சுற்றியது. அப்புறம்தான் நடுவில் எழுந்து கை கழுவப் பழகினேன்.

அதைவிடப் பெரிய பாடம் மார்கழியில் வந்தது. பாலக்காட்டுக் கணவாய் 30 கிலோமீட்டருக்கு மேல் அகலமுள்ள வாசல். கிழக்கிலிருந்து வறண்ட காற்று அதன் வழியாகப் பாய்ந்துவரும். இங்கே திருவாதிரைக் காற்று என்பார்கள். காலை எட்டு மணிக்குப் பதமாக இருந்த இலை ஒன்பதரைக்கு அப்பளம்போல நொறுங்கியது. எங்கள் ஊரில் கடல் பக்கம் என்பதால் அம்மாவுக்கே இது புதிது. ஜன்னலை அடைத்து, விடியுமுன்னே சுற்றி முடிக்கக் கற்றுக்கொண்டேன். ஆனியில் நேர் எதிர். மழைக்காற்றில், பெட்டியில் வைத்த இருபது சுருட்டிலும் வெள்ளையாகப் பூஞ்சணம் பூத்துவிட்டது. எல்லாவற்றையும் தூக்கிப்போட வேண்டியதாயிற்று. மனசு மிகவும் வலித்தது. இப்போது மழைக்காலத்தில் நாலு நாளைக்கு வேண்டியதை மட்டும் சுற்றுகிறேன்.

புகை உடம்புக்குக் கெடுதல் என்பதை மாமாவிடம் சொல்லாமல் விட்டதில்லை. மூன்று இருந்தது ஒன்றாகியிருக்கிறது. அதையும் கொல்லையில்தான் குடிப்பார். பொது இடத்தில் புகைப்பதை 1999இலேயே கேரள உயர் நீதிமன்றம் தடுத்துவிட்டதே.

எங்கள் கொட்டிலில் எல்லோரும் சுருட்டுச் சுற்ற, ஒருவர் மட்டும் பத்திரிகையோ நாவலோ உரக்க வாசிப்பாராம். கியூபாவிலும் 1865 முதல் அந்த வழக்கம் இருந்தது. இதை மாமாவிடம் ஒருநாள் சொன்னேன். மறுநாள் நான் பலகையை எடுத்துவைத்ததும் அவர் மூக்குக்கண்ணாடியோடு எதிரில் வந்து உட்கார்ந்தார். "எந்தப் பக்கம் படிக்கட்டும், அம்மிணி?"

"முதல் பக்கத்திலிருந்து வாசியுங்கோ, மாமா" என்றேன்.