ஏழாவது உருப்படியில் திக்கிய சீடி செட்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் அப்பா வாங்கிய சீடி செட் ஒன்று இருக்கிறது. இருபது வயதைத் தாண்டிவிட்டது. வெள்ளிக்கிழமை காலையில் அம்மா விளக்கேற்றியதும் அதில் நாதஸ்வர சீடி பாட வேண்டும். யூடியூப்பில் போட்டுத் தருகிறேன் என்றால், "அது நடுவில விளம்பரம் போடும்" என்பார். நியாயம்தான்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, செட் சீடியை உள்ளே இழுத்து, இரண்டு மூன்று தடவை சுற்றிப் பார்த்துவிட்டு 'நோ டிஸ்க்' என்று காட்டியது. வேறு சீடி போட்டாலும் அதே கதை. பக்கத்து ரிப்பேர்க் கடையில் திறந்துகூடப் பார்க்காமல், "லென்ஸ் போயிட்டுது, மாத்தணும்" என்றார்கள். செட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பிளக்கைக் கழற்றி அரைமணி நேரம் விட்டுவிட்டு மூடியைத் திறந்தேன். கடல் எங்களுக்கு இரண்டு நிமிட நடை. உப்புக் காற்றின் கைவரிசை உள்ளே நன்றாகவே தெரிந்தது. ஸ்குரூத் தலையெல்லாம் துரு. கடலைப் பருப்பளவு லென்ஸின்மேல் கண்ணில் புரை விழுந்த மாதிரி ஒரு மங்கல். பாமசியில் வாங்கிய ஐசோபுரோபைல் அல்கஹோலில் பஞ்சுக் குச்சியின் நுனியை நனைத்து, நடுவிலிருந்து வெளியே வட்டமாகத் துடைத்தேன். அந்த லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது. அழுத்தினால் அதோடு சரி. இன்னொன்று, மூடி திறந்திருக்கும்போது கரண்ட் கொடுத்தால் லென்ஸை எட்டிப் பார்க்கவே கூடாது. சீடியின் லேசர் 780 நனோமீற்றர். கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும்.

சீடி பாடியது! ஆறு உருப்படி அருமை. ஏழாவதில் தவில் திக்க ஆரம்பித்தது, எட்டாவதில் ஒரே பாய்ச்சல். கீறலாக இருக்கும் என்று வேறு சீடி போட்டேன். அதுவும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் திக்கியது. அப்போ குற்றம் சீடியில் இல்லை.

கடைசியில் நானும் லென்ஸ்தான் என்று தோற்றுப்போய், 100ஆம் நம்பர் பஸ் பிடித்துப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போனேன். பாகங்கள் விற்கும் கடையில் வயதான நானா ஒருவர், லென்ஸை எடுத்துக் காட்டுவதற்குப் பதிலாக ஒரு கேள்வி கேட்டார்.

"எத்தனாவது பாட்டுல இருந்து பாயுது?"

"ஏழு, நானா."

"லென்ஸ் செத்தா மொதல் பாட்டே வாசிக்காது, தம்பி. ரெயிலப் பாருங்க."

பழைய இசைத்தட்டு வெளியிலிருந்து உள்ளே ஓடும். சீடி நேர்மாறு, உள்வட்டத்தில் தொடங்கி வெளியே போகும். தொடக்கத்தில் நிமிடத்துக்கு 500 சுற்று, வெளிவிளிம்பில் 200 அளவுக்கு இறங்கிவிடும். அதற்கேற்ப லென்ஸ் யூனிட் ஓர் இரும்புக் கம்பியில் மெல்ல நகர வேண்டும். நானா சொன்ன ரெயில் அந்தக் கம்பிதான். லென்ஸ் தானாகக் கொஞ்ச தூரம் எட்டும். அதற்கு மேல் மோட்டார் முழு யூனிட்டையும் தள்ள வேண்டும். தள்ள முடியாத இடத்தில்தான் பாட்டு பாய்கிறது.

வீட்டுக்கு வந்து பற்சக்கரத்தை விரலால் சுற்றிப் பார்த்தேன். பாதி தூரம் வழுக்கிக்கொண்டு போன யூனிட், அப்புறம் சேற்றில் மாட்டிய சக்கரம்போல் நின்றது. கம்பியின் வெளிப்பாதியில் பழைய கிறீஸ் காய்ந்து, மெழுகுவர்த்தி வடிந்த மாதிரி மஞ்சளாக ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டவில்லை, பஞ்சும் அல்கஹோலுமாக நாலைந்து குச்சியில் கரைத்தெடுத்தேன். பிறகு கம்பிக்கு ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய், சக்கரப் பல்லுக்கு நுனிவிரலில் தொட்ட வெள்ளைக் கிறீஸ். அவ்வளவுதான்.

பூட்டும்போது சீடித் தட்டின் பற்சக்கரத்தை ஒரு பல் தள்ளி வைத்துவிட்டேன். தட்டு மூடும், உடனே திறக்கும், மறுபடி மூடும். அதைச் சரிசெய்யவே ஒரு மணி நேரம் போனது. ரிப்பேரைவிட இதுதான் பொறுமையைச் சோதித்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை பன்னிரண்டு உருப்படியும் திக்காமல் முடிந்தன. தட்டை இழுக்கும் ரப்பர் பட்டி மட்டும் தளர்ந்திருக்கிறது. பொத்தானை அழுத்திவிட்டு நகத்தால் கொஞ்சம் இழுத்துவிட வேண்டும். அதற்கு இனி ஒருநாள் நானாவிடம் போக வேண்டும்.