பாலத்துக்கு இப்பால்: கோட்டோனூ நாட்குறிப்பு

2023 ஜூலை 31, திங்கட்கிழமை

நைஜரின் அதிபர் முகமது பஸூமை அவருடைய மெய்க்காவல் படையே சிறைப்பிடித்து ஐந்து நாள்கள் ஆகின்றன. அப்படையின் தலைவர் தியானி வெள்ளியன்று தம்மையே நாட்டின் தலைவராக அறிவித்துக்கொண்டார். நேற்று நைஜீரியத் தலைநகர் அபுஜாவில் கூடிய, மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பான ஈகோவாஸின் தலைவர்கள், ஒரு வாரத்துக்குள் பஸூமைப் பதவியில் அமர்த்தாவிட்டால் படைபலத்தையும் பயன்படுத்த நேரிடும் என்று கெடு விதித்ததோடு, நைஜருடனான எல்லைகளையும் மூடிவிட்டார்கள். அவ்வாறு மூடிய நாடுகளில் நான் வாழும் பெனினும் ஒன்று.

முந்திரிக்கொட்டை வாங்கித் தூத்துக்குடிக்குக் கப்பலேற்றும் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பார்க்க வந்தவன் நான். எங்களுக்கு வாடகை லாரி ஓட்டுபவர்களே எனக்குச் செய்தித்தாள். கடலில்லாத நைஜருக்குப் போகும் அரிசியும் சர்க்கரையும் சிமெண்டும் பெரும்பாலும் கோட்டோனூத் துறைமுகத்தில்தான் இறங்குகின்றன. இங்கிருந்து வடக்கே ஏறக்குறைய 730 கி.மீ. சென்றால் மாலன்வில், அங்கே நைஜர் ஆற்றின் மேல் பாலம், அக்கரையில் நைஜரின் காயா. பாலத்தை அடைத்துவிட்டதாகவும், தமக்கு முன்னால் நிற்கும் லாரிகளை எண்ணி முடிக்க இயலவில்லை என்றும் ஓட்டுநர் ஒருவர் இன்று தொலைபேசியில் சொன்னார். ஒரு வாரத்தில் திறந்துவிடுவார்கள் என்று நான் சொன்னேன். "நீங்கள் சொன்னால் சரி, பத்ரோன் (முதலாளி)" என்றார். நம்பிய குரலாகத் தெரியவில்லை.

2023 ஆகஸ்ட் 12, சனிக்கிழமை

கெடு 6ஆம் தேதியோடு முடிந்தது. நைஜர் தன் வான்வெளியை மூடியது. 10ஆம் தேதி ஈகோவாஸ் தன் ஆயத்தப் படையைத் திரட்ட உத்தரவிட்டது. நைஜரைத் தாக்கினால் அது தம் மீதே தொடுத்த போராகும் என்று மாலியும் புர்கினா ஃபாசோவும் முன்பே அறிவித்துவிட்டன. நைஜரின் மின்சாரத்தில் ஏறக்குறைய 70 விழுக்காடு நைஜீரியாவிலிருந்து வருவது. அந்தக் கம்பியையும் துண்டித்துவிட்டார்கள்.

போர் வராது என்றே நினைக்கிறேன். நைஜீரியாவுக்கும் நைஜருக்கும் இடையிலான எல்லை 1,500 கி.மீ.க்கும் அதிகம், அதன் இருபுறமும் ஹௌசா பேசும் மக்கள் பெண் கொடுத்துப் பெண் எடுத்து வாழ்கிறார்கள். அந்த வடமாநிலங்களின் செனட்டர்களே படையெடுப்பு வேண்டாம் என்று தங்கள் அதிபர் டினுபுவிடம் சொல்லிவிட்டார்கள். ஆனால் போர் வராமல் போவதும் நட்பு மீள்வதும் ஒன்றல்ல.

2023 செப்டம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை

இந்த வாரம் இரண்டு காகிதங்கள். பெனினோடு செய்துகொண்ட இராணுவ ஒத்துழைப்பு ஒப்பந்தத்தை நைஜர் 12ஆம் தேதி முறித்தது. தன்னைத் தாக்குவதற்காகப் பெனின் தன் மண்ணில் அயல்நாட்டுப் படைகளையும் கூலிப்படையினரையும் குவிப்பதாக அது கூறும் காரணத்தைப் பெனின் மறுக்கிறது. நேற்று மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர் ஆகிய மூன்றும் லிப்டாகோ-கூர்மா சாசனத்தில் கையெழுத்திட்டுச் சாஹேல் நாடுகளின் கூட்டணியை அமைத்தன. ஒன்றுக்கு ஆபத்து என்றால் மற்றவை படையோடு துணைநிற்க வேண்டும் என்பது சாசனத்தின் சாரம்.

இரண்டில் முதலாவதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பெனினின் வடகோடியில் நைஜருக்கும் புர்கினாவுக்கும் பொதுவான ஒரு பெருங்காடு இருக்கிறது. நைஜர் ஆறு ஆங்கில எழுத்து டபிள்யூ போல வளைந்து செல்லும் இடமாதலால் அதற்கு டபிள்யூ பூங்கா என்று பெயர். அல்காயிதாவோடு இணைந்த ஜே.என்.ஐ.எம். ஆட்கள் அந்தக் காட்டில் ஒரு நாட்டில் சுட்டுவிட்டு அடுத்த நாட்டுக்குள் மறைந்துவிடுகிறார்கள். பெனின் 2022இல் மிராடோர் என்னும் பெயரில் ஏறக்குறைய 3,000 வீரர்களை வடக்கே நிறுத்தியிருக்கிறது. ஓடுகிறவனை அக்கரையில் மறித்து நிற்க ஆளில்லாவிட்டால் இக்கரையில் எத்தனை பேர் நின்று என்ன பயன்? முறிந்த ஒப்பந்தத்தின் பொருள் அதுதான்.

இவ்விரு நாடுகளும் எல்லைக் கோட்டுக்காகச் சண்டையிடவில்லை என்பதையும் எழுதி வைக்க வேண்டும். அந்தச் சண்டை ஒரு காலத்தில் இருந்தது. லேத்தே என்னும் ஆற்றுத் தீவு யாருக்கு என்பதில் விடுதலை பெற்ற புதிதிலேயே, 1963இல், இரண்டும் முறைத்துக்கொண்டன. பிறகு 2001இல் இதே கோட்டோனூவில் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டுச் சர்வதேச நீதிமன்றத்துக்குச் சென்றன. 2005 ஜூலை 12ஆம் தேதித் தீர்ப்பு, லேத்தே உள்ளிட்ட 16 தீவுகளை நைஜருக்கும் 9 தீவுகளைப் பெனினுக்கும் அளித்தது. மேற்கே மெக்ரூ ஆற்றில் நட்டநடுக் கோடே எல்லை என்றது. காயாவுக்கும் மாலன்வில்லுக்கும் இடையிலுள்ள பாலங்களின் மேல் எல்லை எங்கே விழும் என்பதைக்கூட, கீழே ஆற்றில் உள்ள கோட்டுக்கு நேர் மேலே என்று சொல்லி முடித்தது. இருவரும் ஏற்றார்கள். பாலத்தில் எந்த அங்குலம் யாருடையது என்பது தெளிவாக இருக்கிறது. அதில் ஒரு லாரி போக வழியில்லை.

2024 மே 16, வியாழக்கிழமை

பிப்ரவரி 24 அன்றே ஈகோவாஸ் தடைகளை நீக்கிவிட்டது. பெனின் தன் பக்கத்தைத் திறந்தது. நைஜர் திறக்க மறுக்கிறது. பூட்டியவர் திறந்த பின் பூட்டப்பட்டவர் தாழ்ப்பாள் போட்டுக்கொண்ட கதை இது.

இப்போது பேச்செல்லாம் எண்ணெய். நைஜரின் கிழக்கிலுள்ள அகாடெம் வயல்களிலிருந்து பெனினின் செமே கடற்கரை வரை ஏறக்குறைய 2,000 கி.மீ. நீளத்துக்குச் சீனத் தேசிய நிறுவனம் ஒரு குழாய் பதித்திருக்கிறது. நாளொன்றுக்கு 90,000 பீப்பாய் வரை ஏற்றுமதி செய்யலாம். என் எண்ணெய் வர வேண்டும், உன் அரிசி வரக் கூடாது என்றால் எப்படி என்று கேட்டு பெனின் அதிபர் தலோன் கப்பலேற்றத்துக்குத் தடை போட்டார். பெனினில் பிரெஞ்சுப் படைத்தளங்கள் இருக்கின்றன, அங்கே பயங்கரவாதிகளுக்குப் பயிற்சி அளிக்கப்படுகிறது, ஆகவேதான் எல்லையை மூடியிருக்கிறோம் என்று நைஜரின் பிரதமர் ஸெய்ன் 11ஆம் தேதி பதிலளித்தார். பெனின் மறுத்தது. சீனர்கள் ஓடோடி வந்து பேசினார்கள்; நேற்று தற்காலிக அனுமதி கிடைத்திருக்கிறது. முதலீடு செய்தவனுக்குக் குழாய் திறக்கிறது. வெங்காயம் விற்பவளுக்குப் பாலம் திறக்கவில்லை. நைஜரின் கால்மி வெங்காயம் இப்போது மாலன்வில்லுக்கு ஓடத்தில்தான் வருகிறது.

2024 டிசம்பர் 27, வெள்ளிக்கிழமை

கிறிஸ்துமஸ் அன்று தொலைக்காட்சியில் பேசிய தியானி, பிரான்சும் நைஜீரியாவும் பெனினும் சேர்ந்து தம் நாட்டைக் குலைக்கச் சதி செய்வதாக நெடுநேரம் குற்றம் சாட்டினார். நைஜீரியா மறுத்துவிட்டது. ஓட்டுநர்கள் இதைப் பற்றிப் பேசவே இல்லை. டீசல் விலையைப் பற்றித்தான் பேசினார்கள்.

2025 ஏப்ரல் 25, வெள்ளிக்கிழமை

17ஆம் தேதி வடக்கே அலிபோரியில் நடந்த தாக்குதலில் இறந்தவர்கள் 8 பேர் என்று முதலில் சொன்னார்கள். இப்போது 54 பேர் என்று அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது. அத்தனை பேரும் படைவீரர்கள். கொன்ற ஜே.என்.ஐ.எம். ஆட்கள் 70 என்று பெருமை பேசுகிறார்கள். ஜனவரி 8 அன்றும் இதே பகுதியில் பேரிழப்பு நேர்ந்தது; மூன்று மாதங்களில் இது இரண்டாவது.

வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். தாக்கப்பட்ட இடங்களில் ஒன்று மூன்று நாடுகள் கூடும் முச்சந்தி. மற்றொன்று கூடூ அருவி. அந்த அருவி மெக்ரூ ஆற்றில் இருக்கிறது. நட்டநடுவில் எல்லை ஓடுவதாக நீதிபதிகள் வரையறுத்தார்களே, அதே ஆறு. எதிர்க்கரையில் நம்முடையதைப் போன்ற ஒரு படை நின்றிருந்தால் இது இவ்வாறு நடந்திராது என்னும் பொருள்பட அரசின் செய்தித் தொடர்பாளர் பேசினார். அதில் உண்மை உண்டு. சாஹேல் கூட்டணி 5,000 பேர் கொண்ட கூட்டுப்படையை அமைப்பதாக நைஜரின் பாதுகாப்பு அமைச்சர் ஜனவரியில் அறிவித்தார். அம்மாத இறுதியில் மூன்று நாடுகளும் ஈகோவாஸிலிருந்து முறைப்படி விலகின. இந்தப் பக்கம் 3,000, அந்தப் பக்கம் 5,000 என்று கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு படையின் அதிகாரி மறு படையின் அதிகாரியைத் தொலைபேசியில் அழைக்க முடியாத நிலையில், அந்த எண்களைக் கூட்டி எழுத என்னால் முடியவில்லை. தொடர்பாளர் சொல்லாமல் விட்டதும் ஒன்று உண்டு: 2023 ஜூலையில் அண்டை நாட்டின் மீது படையெடுக்கத் துணிந்தவர்களின் வரிசையில் பெனினும் நின்றது.

இறந்தவர்களில் ஒருவர் எங்கள் ஓட்டுநரின் ஊர்க்காரர். 26 வயது. இரண்டு நாள் விடுப்புக் கேட்டார், கொடுத்தோம்.

2025 டிசம்பர் 10, புதன்கிழமை

ஞாயிறு காலை இந்நகரில் துப்பாக்கிச் சத்தம் கேட்டு எழுந்தோம். லெப்டினன்ட் கர்னல் பாஸ்கல் டிக்ரியின் தலைமையிலான வீரர்கள் தொலைக்காட்சியில் தோன்றி, தலோனை நீக்கிவிட்டதாக அறிவித்தார்கள். அவர்கள் அடுக்கிய காரணங்களில் வடக்கின் சீர்கேடும் அங்கே மடிந்த வீரர்களின் குடும்பங்களைக் கைவிட்டதும் இருந்தன. மதியத்துக்கு மேல் நைஜீரியப் போர் விமானங்கள் வந்து தாக்கின. ஈகோவாஸின் ஆயத்தப் படைக்கும் உத்தரவு பறந்தது. 2023இல் நைஜருக்காகத் திரட்டச் சொல்லப்பட்டு நகராமலே கிடந்த படை, இம்முறை பெனினுக்குள் வந்தது. மாலையில் தலோன் தோன்றி நிலைமை கட்டுக்குள் இருப்பதாகச் சொன்னார்.

மறுநாள் நைஜீரிய விமானப்படையின் சி-130 விமானம் ஒன்று புர்கினாவின் போபோ-டியுலாஸோவில் இறங்கியது. கோளாறு காரணமாக முன்னெச்சரிக்கையாக இறங்கியதாக நைஜீரியா சொல்கிறது. வான்வெளியை அத்துமீறியதாகச் சாஹேல் கூட்டணி சொல்கிறது. அதிலிருந்த 11 வீரர்களும் அங்கேயே பிடித்துவைக்கப்பட்டிருக்கிறார்கள்.

நம் ஓட்டுநர் மாலன்வில்லிலிருந்து இன்று பேசினார். இக்கரையில் சோதனைகள் கூடியிருக்கின்றனவாம். காயாவிலிருக்கும் அவருடைய மைத்துனர் ஒரு சாவுக்காக நேற்றிரவு ஓடத்தில் வந்து சேர்ந்தார். வழக்கமான கூலியைப் போல இரு மடங்கு கேட்டிருக்கிறார்கள். திரும்பிப் போகும்போது இரண்டு மூட்டை அரிசி கொண்டுபோக ஓடக்காரரிடம் பேரம் நடந்துகொண்டிருக்கிறது.