மற்ற நாளிலும் நிற்குமா?

1995ஆம் ஆண்டு, தீபாவளி கழிந்த கையோடு ஒரு காலை. எங்கள் வீட்டு முற்றத்தில் அம்மம்மா பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் விட்டு, அதன் நடுவில் உலக்கையை நிறுத்திக்கொண்டிருந்தார். அன்று ஒக்டோபர் 24, சூரிய கிரகணம். இந்தியாவில் ராஜஸ்தான் முதல் வங்காளம் வரை முழுக் கிரகணம், யாழ்ப்பாணத்தில் எங்களுக்குப் பகுதிக் கிரகணம். யாழ்ப்பாணத்துக்கான பெரும் சண்டை தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. தூரத்தில் ஷெல் சத்தம் கேட்டபடி இருக்க, வேப்பமரத்தின் கீழே விழுந்த வெயில் பொட்டுகள் எல்லாம் குட்டிக் குட்டிப் பிறைகளாக மாறியிருந்தன. இலைகளின் இடுக்குகள் ஒவ்வொன்றும் ஊசித்துளைக் கமரா போல வேலை செய்வதை அன்றுதான் கண்ணால் கண்டேன்.

கிரகண நேரத்தில் மட்டும் உலக்கை தானாக நிற்கும் என்பது அவரது நம்பிக்கை. உலக்கை நின்றது. "பாத்தியே, கிரகணம் பிடிச்சிட்டுது" என்றார் அம்மம்மா.

பக்கத்து ஒழுங்கையில் இருந்த எங்கள் விஞ்ஞான சேர் அந்த நேரம் சைக்கிளை உருட்டிக்கொண்டு படலையடிக்கு வந்தார். உலக்கையை நன்றாகப் பார்த்தார். சிரிக்கவில்லை. "அம்மா, மற்ற நாளில நிப்பாட்டிப் பாத்தனீங்களோ?" என்று மட்டும் கேட்டார்.

"மற்ற நாளில ஆர் உலக்கையை நிப்பாட்டுறது?"

சேர் என் பக்கம் திரும்பினார். "நாளைக்கு நீர் நிப்பாட்டிப் பாரும். பாத்து எழுதும்."

நான் அவரிடம் படித்தது மூன்று வருடங்கள். அந்தக் கேள்விதான் அவருடைய பாடம் முழுவதும். அவரைப் பற்றி நம் மலரில் யாரும் இதுவரை எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன்.

அந்தக் காலத்து ஆய்வுகூடத்தை நம் வகுப்பினர் மறந்திருக்க மாட்டார்கள். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையால் மின்சாரம் இல்லை, பற்றரி இல்லை, மண்ணெண்ணெய் கிடைப்பதே பெரும்பாடு. ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். ஆய்வுகூட அலுமாரியில் இரசாயனப் போத்தல்கள் வரிசையாக இருந்தன, உள்ளே ஒன்றும் இல்லை. சேர் வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவைத்துச் சுண்ணாம்பு நீர் எடுத்தார். செவ்வரத்தம்பூவைக் கசக்கி, அமிலமா காரமா என்று காட்டும் சாறு எடுத்தார். அந்தச் சாறு பூசிக் காயவிட்ட கத்தியால் தேசிக்காயை வெட்டினால் இரத்தம் போலச் சிவப்பாக வழியும். பேய், செய்வினை போக்கக் கழிப்புக் கழிக்கும் இடங்களில் கண்டு பயந்த ஒன்றை எங்கள் கையாலேயே செய்துபார்த்த அன்று வகுப்பில் ஒரே கூச்சல்.

சேர் இளவயதில் கொழும்பில் ஆபிரகாம் கோவூரின் பேச்சைக் கேட்டவர். கேரளத்தில் பிறந்த கோவூர் 1928இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்குத் தாவரவியல் படிப்பிக்க வந்தவர். ஏமாற்று இல்லாமல் ஓர் அற்புதத்தைச் செய்து காட்டுபவருக்கு 1 இலட்சம் ரூபா தருவதாக 1963இல் சவால் விட்டார். 1978இல் அவர் காலமாகும்வரை அந்தப் பணத்தை ஒருவரும் வெல்லவில்லை. இதைச் சொல்லும்போது சேரின் முகத்தில் ஒரு பெருமிதம் வரும். ஆனால் அவருடைய வழி வேறு. நெற்றியில் திருநீறு இல்லாமல் அவர் வகுப்புக்கு வந்ததே இல்லை. யாரையும் சவாலுக்கு இழுக்கவும் மாட்டார். பழமொழியோ பேய்க்கதையோ எதைக் கொண்டுபோனாலும், "சரி, இதை எப்பிடிச் சோதிக்கலாம்?" என்று கேட்டுவிட்டுச் சோக்கட்டியை எங்களிடம் தந்துவிடுவார்.

புளியமரத்தின் கீழ் இரவில் படுத்தால் பேய் அமுக்கும் என்பது ஊர் நம்பிக்கை. மரம் இரவில் காபனீரொட்சைட்டு விடுகிறது, அதனால்தான் மூச்சு முட்டுகிறது, முன்னோர் அதைத்தான் பேய் என்றார்கள் என்று ஒரு மாணவன் எழுந்து சொன்னான். எங்களுக்கெல்லாம் அது பெரிய விளக்கமாகப் பட்டது. சேர் அதையும் விடவில்லை. இரண்டு போத்தல்களில் சிறு கிண்ணத்தில் சுண்ணாம்பு நீர் வைத்து, ஒன்றில் மட்டும் புளியிலைக் கொத்தைப் போட்டு, இரண்டையும் இறுக மூடிக் கறுப்புத் துணியால் சுற்றி வைத்தோம். காலையில் இலை இருந்த போத்தலில் சுண்ணாம்பு நீர் பால்போல மாறியிருந்தது. நாங்கள் கைதட்டினோம். "பொறுங்கோ, மரம் போத்திலுக்குள்ளேயோ நிக்குது?" என்றார். அன்றிரவு ஒரு சுண்ணாம்பு நீர்த் தட்டை மரத்தடியிலும் இன்னொன்றை வெட்டவெளியிலும் வைத்தோம். விடிய இரண்டிலும் ஒரே மாதிரி மெல்லிய ஆடை. திறந்த வெளியில் அந்த வாயு காற்றோடு கலந்து போய்விடுகிறது. ஒரு மூடிய அறையில் பக்கத்தில் படுத்திருப்பவர் விடும் மூச்சுக்கு முன் மரத்தடிக் காற்று ஒன்றுமே இல்லை. பேய்க்கதை போலவே, அதற்குப் பதிலாக வந்த விஞ்ஞானக் கதையும் சோதனையில் விழுந்தது. இன்று வாட்ஸ்அப்பில் "முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல" என்று ஏதாவது வரும்போதெல்லாம் எனக்கு அந்த இரண்டு தட்டுகள்தான் கண்முன் வரும்.

தேன் சோதனை எங்கள் குசினியில் நடந்தது. நல்ல வன்னித் தேன் தண்ணீரில் கரையாமல் அடியில் போய் நிற்கும், எறும்பு மொய்க்காது, நாய் நக்காது என்பது அம்மம்மாவின் இலக்கணம். பனங்கட்டியைக் கெட்டிப் பாகாகக் காய்ச்சி ஆறவிட்டோம். தண்ணீரில் விட்டால் அதுவும் நேரே அடிக்குப் போய்க் கட்டியாக நின்றது. எறும்புகள் இரண்டு தட்டுகளுக்கும் வந்தன. பக்கத்து வீட்டு நாய் இரண்டையும் நக்கித் துடைத்தது. தண்ணீர்ச் சோதனை காட்டுவது பாகின் தடிப்பை மட்டுமே என்று அம்மம்மாவே ஒத்துக்கொண்டார்.

எல்லாம் பொய்யாகிப் போகவும் இல்லை. கலங்கிய குளத்துத் தண்ணீருக்குத் தேத்தாங்கொட்டையை உரைத்து விட்டபோது, சும்மா வைத்த போத்தலை விட அது வெகு சீக்கிரம் தெளிந்தது. கொட்டையில் உள்ள பொருள் மண்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துப் பாரமாக்கி அடியில் படியவிடுகிறது. தெளிந்தாலும் கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும் என்று சேர் கொப்பியில் சிவப்பு மையால் எழுதிவிட்டார்.

நான் மிகவும் நேசித்தது தவளைக் கணக்கு. தவளை கத்தினால் மழை என்பார்கள். 1994 மாரியில் ஓர் 80 பக்கக் கொப்பியில் ஒவ்வொரு நாளுக்கும் நான்கு கட்டங்கள் போட்டோம்: கத்தியது, பெய்தது; கத்தியது, பெய்யவில்லை; கத்தவில்லை, பெய்தது; இரண்டும் இல்லை. முதல் கட்டத்தை மட்டும்தான் ஊர் நினைவில் வைத்திருக்கிறது, மற்ற மூன்றையும் எண்ணாதவனுக்குக் கணக்கு இல்லை என்றார் சேர். முறைபோட்டு எழுதினோம். ஷெல் விழுந்த இரவுகளிலும் பங்கருக்குள் இருந்து காது கொடுத்துக் கேட்டு எழுதியவர்கள் உண்டு. பல நாட்களில் மழை பெய்து ஓய்ந்த பிறகுதான் தவளை கத்தத் தொடங்கியது. நாங்கள் முன்னறிவிப்பு என்று நினைத்தது பின்செய்தியாக இருந்தது.

உலக்கைக்கு வருகிறேன். சேர் சொன்ன "நாளைக்கு" எங்களுக்கு வரவில்லை. மறுநாள் பங்கருக்குள் போனது. ஒக்டோபர் 30 இரவு, மழையில், நாவற்குழிப் பாதையில் இலட்சக்கணக்கான சனத்தோடு தென்மராட்சிக்கு நடந்தோம். உலக்கை வீட்டிலேயே நின்றுவிட்டது. அம்மம்மா திரும்பி வரவில்லை. சேரை நான் பிறகு காணவே இல்லை. அவர் காலமாகிவிட்டார் என்று கனடாவுக்கு வந்த பிறகு அறிந்தேன்.

2024 ஏப்ரல் 8 அன்று நயாகராவிலும் ஹமில்ரனிலும் முழுக் கிரகணம், ரொறன்ரோவில் மயிரிழையில் தவறியது. பள்ளிக்கூடங்களுக்கும் அன்று விடுமுறை விட்டிருந்தார்கள். ஸ்காபரோத் தமிழ்க் கடையில் வாங்கிய உலக்கை ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாளும் பிள்ளைகளோடு அதை நிறுத்திப் பார்த்தேன். பூண் போட்ட தட்டையான முனையில் மூன்று நாளும் நின்றது. உருண்ட முனையில் ஒருநாளும் நிற்கவில்லை, திங்கள் பிற்பகல் 3.19க்கு வெளியே இருட்டிக்கொண்டு வந்தபோதும் நிற்கவில்லை. புவியீர்ப்பு மையத்திலிருந்து நேரே கீழே இறங்கும் கோடு அடித்தட்டுக்குள் விழுந்தால் நிற்கும், அவ்வளவுதான். சூரியனும் சந்திரனும் சேர்ந்து மேலே இழுக்கின்றன என்று மாமி சொன்னார். அப்படி இழுப்பது உண்மைதான், ஆனால் பூமியின் ஈர்ப்பில் கோடியில் இரண்டு பங்குகூட வராது. அதுவும் ஒவ்வோர் அமாவாசைக்கும் நடப்பது.

சேர் கேட்ட பதிலை 29 வருடம் பிந்தி எழுதி வைத்திருக்கிறேன்.

தவளைக் கணக்குக் கொப்பி கடைசியாக யாருடைய கையில் இருந்தது என்று நம் வகுப்பினரிடம் விசாரித்து வருகிறேன். இடம்பெயரும்போது புத்தகப் பையோடு யாராவது கொண்டுவந்திருந்தால், பக்கங்களைப் படம் எடுத்து மலர்க் குழுவுக்கு அனுப்புங்கள். கார்த்திகை மாதப் பக்கங்கள் என் கையெழுத்தில் இருக்கும்.