மார்ஃபின் எந்த இடத்தில் நின்றுவிடுகிறது?

புற்றுநோய் முற்றியவர்களின் கடும் வலிக்கு மார்ஃபின் பழைய மருந்து, மலிவான மருந்து. தூளாக வாங்கி, சுத்தமான தண்ணீரில் கரைத்து, கெடாமலிருக்கச் சிறிது பதப்பொருள் சேர்த்தால் குடிக்கும் மருந்து தயார். ஆனால் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2017-ல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள்: ஆண்டுதோறும் உலகெங்கும் விநியோகமான ஓபியாய்டுகள் (மார்ஃபின் வகை வலிமருந்துகள்), மார்ஃபின் அளவுக்கு மாற்றிப் பார்த்தால், 298.5 டன். ஏழை நாடுகளுக்குப் போனது 0.1 டன். வெறும் நூறு கிலோ!

காசில்லாததுதான் காரணம் என்று நினைப்பவர்கள் அதிகம். காசைவிடக் காகிதம்தான் வழியை அடைக்கிறது.

போதைப்பொருள் பற்றிய 1961-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின்படி, அடுத்த ஆண்டுக்கு எவ்வளவு மார்ஃபின் தேவை என்று ஒவ்வொரு நாடும் வியன்னாவிலுள்ள சர்வதேசப் போதைப்பொருள் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மதிப்பீடு அனுப்ப வேண்டும். பல நாடுகளில் போன ஆண்டு செலவானதையே கொஞ்சம் கூட்டி எழுதி அனுப்பிவிடுகிறார்கள். போன ஆண்டு மருந்தே வரவில்லை, அதனால் செலவு குறைவு. செலவு குறைவு என்பதால் இந்த ஆண்டும் குறைவாகவே கேட்கிறார்கள். கணக்கை நோயாளியிடமிருந்து தொடங்க வேண்டும். ஒரு மருத்துவமனையில் எந்த நேரமும் 20 பேருக்கு மார்ஃபின் தேவை, ஆளுக்குச் சராசரியாக நாளொன்றுக்கு 60 மி.கி. என்று வைத்துக்கொண்டால், 30 நாளுக்கு 36 கிராம். 10 மி.கி. மாத்திரையாக 3,600. இப்படி எழுதிக் கேட்டால்தான் எண் உயரும். நடுவில் தீர்ந்துபோனால் துணை மதிப்பீடு அனுப்ப எப்போதும் வழி உண்டு. அது தெரியாமலே பலர் அடுத்த ஆண்டுக்குக் காத்திருக்கிறார்கள்.

அடுத்த தடை உள்நாட்டுச் சட்டம். சட்டபூர்வமாக அபினி விளைவித்து ஏற்றுமதியும் செய்யும் இந்தியாவிலேயே, 1985-ன் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குப் பிறகு பல மருத்துவமனைகள் மார்ஃபினைக் கைவிட்டன. வெவ்வேறு உரிமங்கள், ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு காலக்கெடு. கடைசி உரிமம் கைக்கு வரும்போது முதலாவது காலாவதியாகியிருக்கும். பதிவேட்டில் சிறு பிழை வந்தாலும் சிறைக்குப் போக நேருமோ என்று மருந்தாளுநர் அஞ்சினால், அவரைக் குறை சொல்ல முடியுமா? 2014-ல் வந்த திருத்தம் இதை ஒரே உரிமமாகச் சுருக்கியது. சட்டம் மாறியபின்னும் அந்தப் பயம் போகவில்லை என்பதுதான் வேதனை.

உகாண்டா வேறு வழி கண்டது. மருத்துவர்கள் மிகக் குறைவு என்பதால், வலி தணிப்பில் தனிப் பயிற்சி பெற்ற செவிலியர்களும் மார்ஃபின் எழுதலாம் என்று 2004-ல் அனுமதித்தது. தூளை வாங்கி உள்நாட்டிலேயே திரவமாக்கி, ஒவ்வொரு வீரியத்துக்கும் ஒரு நிறம் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அந்த நிறம் அலங்காரத்துக்கல்ல. மி.லி.க்கு 1 மி.கி. உள்ள புட்டியும் 10 மி.கி. உள்ள புட்டியும் ஒரே மாதிரி இருந்தால், அதே 5 மி.லி. மூடியில் பத்து மடங்கு மருந்து உள்ளே போய்விடும்.

மருந்து அலமாரிக்கு வந்தபின் நடக்கும் தவறுகள் தனிக்கதை. "வலி வந்தால் சாப்பிடுங்கள்" என்று சீட்டில் எழுதுவது அதில் முதன்மையானது. சாதாரண மார்ஃபின் மாத்திரை சுமார் நாலு மணி நேரம்தான் தாங்கும். ஆகவே வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கடிகாரம் பார்த்து நாலு மணிக்கொரு தடவை கொடுக்க வேண்டும். இதுவரை ஓபியாய்டு எடுக்காத, வயது வந்த ஒருவருக்கு 5 மி.கி.யில் தொடங்குவது வழக்கம். உடல் தளர்ந்த முதியவருக்கு அதற்கும் குறைவு. இடையில் வலி பீறிட்டால் அதே அளவில் ஒரு கூடுதல் டோஸ். இப்படி 10 மி.கி. வீதம் நாளுக்கு ஆறு வேளை எடுப்பவர் மேற்கொண்டு மூன்று கூடுதல் டோஸ் எடுத்திருந்தால் மொத்தம் 90 மி.கி. அதை ஆறால் வகுத்தால் 15. மருத்துவர் மறுநாள் வேளைக்கு 15 மி.கி. என்று உயர்த்துவார். சிறுநீரகம் பழுதானவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. மருந்தின் கழிவு உடலில் தேங்கி மயக்கம் வரும் என்பதால் அளவைக் குறைத்து, இடைவெளியை நீட்ட வேண்டும்.

மலச்சிக்கல் கிட்டத்தட்ட எல்லோருக்கும் வரும். குமட்டலும் தூக்கக் கலக்கமும் சில நாளில் அடங்கும், இது அடங்காது. சென்னா, பிசகோடில் போன்ற மலமிளக்கி ஒன்று முதல் நாளிலேயே அதே சீட்டில் இருக்க வேண்டும். இதை எழுதாமல் விட்டதால் மட்டுமே "மார்ஃபின் ஒத்துக்கொள்ளவில்லை" என்று நிறுத்தியவர்கள் பலர்.

வீட்டாரின் பயம் இன்னொன்று: "மார்ஃபின் கொடுத்தால் முடிவு நெருங்கிவிட்டது என்று அர்த்தமா?" மார்ஃபின் தருவது வலியின் அளவைப் பார்த்து, மிச்சமிருக்கும் நாளைப் பார்த்தல்ல. அடிமையாகிவிடுவாரோ என்ற பயமும் உண்டு. மருந்துக்குப் பழகிய உடல் அதைத் திடீரென நிறுத்தினால் தவிப்பதும், போதைக்கு அடிமையாவதும் வெவ்வேறு. கதிர்வீச்சுச் சிகிச்சையால் வலி குறைந்தால் மருந்தையும் படிப்படியாகக் குறைத்து நிறுத்தலாம்.

சீட்டுக்கு இத்தனை நாள்தான் என்ற வரம்பு உள்ள இடங்களில், தொலைவிலிருந்து வருபவருக்கு மருந்து பாதியில் தீர்ந்துபோகும். அப்போது வலியோடு நடுக்கமும் வியர்வையும் வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொள்ளும். நோயாளியே வர வேண்டும் என்று கட்டாயப்படுத்தாமல், அவருடைய அட்டையோடு வரும் உறவினரிடம் அடுத்த மருந்தைக் கொடுக்கலாம். மீந்த மாத்திரைகளை எண்ணி அதே பதிவேட்டில் குறித்துக்கொள்ளலாம்.