நிமிடத்துக்கு 26

ஜனவரி 3, 2025, வெள்ளி

எங்கள் கோயில் யானை நிமிடத்துக்கு 26 தடவை ஆடுகிறாள். இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டேன். விடியற்காலை 4.50. மேளம் இல்லை, நாகசுரம் இல்லை, ஸ்பீக்கரில் திருவெம்பாவைகூட இன்னும் போடவில்லை.

ஜனவரி 4, சனி

இந்த ஊரில் வளர்ந்த எல்லாரிடமும் கேட்டுப் பாருங்கள், 'எங்க யானை மேளத்துக்கு ஆடும்' என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது இடுப்பில் வைத்துக்கொண்டு, "பாரு, பாரு, யானை டான்ஸ் ஆடுது" என்று காட்டியிருக்கிறேன். அவளும் கூடவே தலையை ஆட்டுவாள்.

கட்டிப்போட்ட யானைகள் இப்படி ஆடும் என்று கால்நடை டாக்டர் சொன்னார். சர்க்கஸ் யானைக்கும் கூண்டுக் கரடிக்கும் இதே வியாதி உண்டு. காட்டில் எந்த யானையும் இப்படி ஆடுவதில்லை. போக இடமில்லாத உடம்பு நின்ற இடத்திலேயே நடக்கிறது. நான் கேட்காமலே சொன்னார். சொல்லிவிட்டு ஊசியை எடுத்து வைத்துக்கொண்டு போய்விட்டார்.

நேற்றிலிருந்து வேறு எதுவும் ஓடவில்லை. இரண்டு ஜாக்கெட்டுக்குக் கையை மாற்றித் தைத்துவிட்டேன்.

ஜனவரி 5, ஞாயிறு

அவள் காலைப் பார்த்தேன்.

பாகர் அண்ணன் ஒரு சொல் சொன்னார். முன் வலது காலைத் தூக்கி மரக்கட்டை மேல் வைத்தாள். நகமும் தோலும் சேருகிற இடத்தில் ஐம்பது பைசா அகலத்துக்கு ஒரு குழி. அழுத்தினால் மஞ்சளாகச் சீழ் வருகிறது. பெர்மாங்கனேட் கலந்த ஊதாத் தண்ணீரை டாக்டர் சிரிஞ்சில் அடித்துக் கழுவினார். அவள் காலை இழுக்கவில்லை. தும்பிக்கை மட்டும் பாகர் அண்ணனின் தோளைத் தடவிக்கொண்டே இருந்தது, இருக்கிறாரா இருக்கிறாரா என்று பார்க்கிற மாதிரி.

உள்ளங்கால் கோடை குளத்துத் தரை போல வெடித்துக் கிடக்கிறது. யானையின் குதிகாலுக்குள் கொழுப்பு மெத்தை ஒன்று உண்டு. மண்ணில் அழுந்தி, அழுந்தின இடத்திலிருந்து எழும்பி நடப்பதற்காக இருக்கிற மெத்தை அது. அவளுக்குக் கிடைத்தது 33 வருடமாகக் கருங்கல்லும் சிமெண்டும். அதன் மேல் அவளுடைய மூத்திர ஈரம்.

வெள்ளிக்கிழமை தவறாமல் அவள் முன்னால் போய் நின்றிருக்கிறேன். ஒரு தடவைகூடக் காலைப் பார்த்ததில்லை.

ஜனவரி 7, செவ்வாய்

வெள்ளிக்கிழமை வாழைப்பழம் கொண்டு போகலாமா என்று அம்மா கேட்டார். பதில் சொல்லவில்லை.

ஜனவரி 9, வியாழன்

1991. நான் எட்டாம் வகுப்பு. அசாமிலிருந்து லாரியில் வந்தாள். என் தோள் உயரம்கூட இல்லை, உடம்பெல்லாம் செம்பட்டை முடி. ஊர் எல்லையிலிருந்து மேளதாளத்தோடு அழைத்து வந்தோம். தாம்பாளத்தில் மஞ்சள், குங்குமம், வெற்றிலை பாக்கு. அதைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தவள் நான். அந்தப் பெருமையை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்!

அன்று ராத்திரி அழுகை ஆரம்பித்தது. தெற்கு வீதி முழுக்கக் கேட்டது. பத்து நாளோ பதினைந்து நாளோ. அம்மா என்னைத் தட்டிக் கொடுத்து, "புது இடம்டி, பழகிக்கும்" என்றார். புகுந்த வீடு போன பெண்ணைச் சொல்கிற மாதிரி. பழகித்தான் போனது. யார் பழகினது என்றுதான் இப்போது தெரியவில்லை. சத்தம் நின்றதும் நாங்கள் தூங்கிவிட்டோம்.

காட்டில் பெண் யானை தாயை விட்டுப் பிரிவதே இல்லை. பாட்டி, அம்மா, சித்தி, அக்கா, தங்கை என்று கூட்டமாகவே பிறந்து கூட்டமாகவே சாகிறது. பிரிந்து போவது ஆண்தான், அதுவும் வளர்ந்த பிறகு. அப்படியானால் இவளை எப்படிப் பிரித்தார்கள்? குழி வெட்டியா, கயிறு போட்டா? தாய் அப்போது எங்கே இருந்தது? இதை 13 வயதில் கேட்கத் தோன்றவில்லை, சரி. முப்பதில் ஏன் தோன்றவில்லை?

ஜனவரி 11, சனி

நெல்லையப்பர் கோயில் யானை காந்திமதி படுத்துவிட்டாளாம். எழ முடியவில்லையாம். கிரேன் வந்திருக்கிறது.

பாகர் அண்ணன் போனைக் கையில் வைத்துக்கொண்டு இவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். சாப்பிடப் போகவில்லை.

ஜனவரி 12, ஞாயிறு

போய்விட்டாள். 56 வயது.

யானை ஒரே பக்கமாகப் படுத்துவிட்டால் அதன் எடையே அதை அமுக்கிவிடும். தசை நசுங்கும், மூச்சு திணறும். அதனால்தான் மூட்டு வலி இருக்கிற யானை படுக்கவே பயப்படும், நின்றபடியே தூங்கும். நம்மவளும் படுத்துப் பல நாளாயிற்று என்கிறார் பாகர் அண்ணன். எத்தனை நாள் என்று கேட்டேன். நாளாகச் சொல்லவில்லை. "ஐப்பசியிலேருந்து" என்றார்.

புதுச்சேரி மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமியும் நினைவுக்கு வந்தாள். 2022 நவம்பர் 30, காலை நடைக்குப் போனவள் ரோட்டிலேயே விழுந்து இறந்தாள். ஊரே திரண்டு அழுதது. அந்த அழுகை பொய் என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் வீதியும் அப்படித்தான் அழும். மாலை போடும், பால் ஊற்றும். அழப்போகிறவர்கள் இப்போதே ஒரு லோடு மண் அடிக்கக் கூடாதா?

ஜனவரி 13, திங்கள்

அவள் முன்னால் போகாத முதல் ஆருத்ரா. கொட்டிலிலிருந்தே மேளத்தைக் கேட்டிருப்பாள். போய் எண்ணவில்லை, பயமாக இருந்தது.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். வீதியில் எல்லா மாட்டுக்கும் கொம்பில் பெயிண்ட். முதுமலை தெப்பக்காட்டில் யானைகளுக்குப் பொங்கல் வைக்கிற காட்சியை டிவியில் காட்டினார்கள். அங்கேயும் சங்கிலி உண்டு, அங்குசம் உண்டு, தெரியும். ஆனால் பக்கத்தில் மாயாறு ஓடுகிறது. கூட இன்னொரு யானை நிற்கிறது. மேய விடுகிறார்கள். அம்மா டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். "நம்ம புள்ள இன்னொரு யானையைப் பார்த்திருக்குமா?" என்றார்.

பார்த்திருக்கிறாள். தேக்கம்பட்டி புத்துணர்வு முகாமுக்குப் போவாள், 48 நாள். அங்கே வேறொரு கோயில் யானையோடு ஒட்டிக்கொண்டு நின்றாளாம், தும்பிக்கையை அதன் வாய்க்குள் விட்டுக்கொண்டு. திரும்பி வர லாரியில் ஏற்ற அரை நாள் பிடித்தது. 2021க்குப் பிறகு முகாமும் இல்லை.

ஜனவரி 17, வெள்ளி

சின்ன மாமா வந்திருந்தார். சண்டை. "ஆயிரம் வருஷமா கோயில்ல யானை இருக்கு, நீ யாருடி கேக்குறதுக்கு?" என்றார். எனக்குக் கோர்வையாகப் பேச வரவில்லை. இங்கே எழுதிக்கொள்கிறேன்.

யானை இந்தியாவின் பாரம்பரிய விலங்கு என்று 2010ல் அறிவித்தார்கள். 1972 வனவிலங்குச் சட்டத்தில் புலிக்குள்ள அதே முதல் அட்டவணையில் இருக்கிறது. புலியை யாராவது வீட்டில் கட்டி வைத்தால் ஜெயில். யானைக்கு மட்டும் உரிமைச் சான்றிதழ் இருந்தால் போதும். மிருகக்காட்சி சாலைகளில் யானை வைக்க வேண்டாம், முகாம்களுக்கு அனுப்புங்கள் என்று 2009லேயே மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் உத்தரவு போட்டது. ஏக்கர் கணக்கில் இடம் இருக்கிற பூங்காவிலேயே யானைக்கு இடம் போதாது என்றால் எங்கள் கொட்டில் எந்தக் கணக்கு? 2023ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையும் இனிமேல் கோயிலோ தனியாரோ புதிதாக யானை வாங்கக் கூடாது என்றது. அதற்கு முந்தின வருடம்தான் 'மத காரியத்துக்கோ வேறு எந்தக் காரியத்துக்குமோ' யானையை இடம் மாற்றலாம் என்று சட்டத்தையே திருத்தியிருந்தார்கள். வேறு எந்தக் காரியத்துக்கும் என்றால் என்ன காரியம்?

ஆயிரம் வருடம் என்கிறார் மாமா. அப்போது வீதி மண்ணாக இருந்தது. ஆற்றில் தண்ணீர் ஓடியது. வெடி, ஸ்பீக்கர், தார் ரோடு எதுவும் இல்லை. அப்போதும் சரி என்று நான் சொல்லவில்லை. இப்போது இருப்பது அதுவே இல்லை என்கிறேன்.

சாமி கும்பிடாதவளா நான்? இன்றைக்கும் விளக்குப் போட்டுவிட்டுத்தான் வந்தேன்.

ராத்திரி

தூக்கம் வரவில்லை. மாமா கேட்டதில் ஒன்று மட்டும் குத்துகிறது. "அவுத்து விட்டா எங்க போகும்?" உண்மைதான். காடு அவளுக்குத் தெரியாது. இலை ஒடிக்கக்கூட யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. திருச்சி பக்கம் எம்.ஆர்.பாளையத்தில் மறுவாழ்வு மையம் இருக்கிறது, மண் தரை, மற்ற யானைகள். மனு போய் மூன்று மாதம். ஃபைல் நகர்கிறது என்கிறார்கள். அவள் கால் அழுகுகிற வேகத்துக்கு அது நகரவில்லை.

ஜனவரி 20, திங்கள்

1984ல் அமெரிக்காவில் போர்ட்லாண்ட் மிருகக்காட்சி சாலையில் கேட்டி பெய்ன் என்ற ஆராய்ச்சியாளர் ஆசிய யானைகளின் பக்கத்தில் நின்றிருக்கிறார். காதில் ஒன்றும் விழவில்லை, காற்று மட்டும் துடித்திருக்கிறது. அப்புறம்தான் தெரிந்தது, மனுசக் காதுக்கு எட்டாத அடிக்குரலில் யானைகள் பேசிக்கொள்கின்றன. அந்தக் குரல் கிலோமீட்டர் கணக்கில் போகும்.

நேற்று கொட்டிலின் கல் தூணில் முதுகைச் சாய்த்து நின்றேன். ஒரு கணம் மார்புக்குள் என்னவோ அதிர்ந்தது. பஸ்ஸாகவும் இருக்கலாம்.

கூப்பிடுகிறாள் என்றால் யாரை?

ஜனவரி 23, வியாழன்

28.

ஜனவரி 24, வெள்ளி

பாகர் அண்ணன் இன்று பேசினார். 19 வருடமாக அவளுக்குப் பக்கத்தில்தான் படுக்கை. தற்காலிகச் சம்பளம். மகள் கல்யாணத்துக்குப் போனவர் அன்று ராத்திரியே திரும்பிவிட்டார், இவள் கவளம் வாங்க மாட்டேன் என்று நின்றதால். "நானும் கட்டுத்தறிலதாம்மா இருக்கேன்" என்றார், சாதாரணமாக.

திருச்செந்தூரில் போன நவம்பர் 18ந்தேதி கோயில் யானை தெய்வானை, பாகரையும் அவருடைய சொந்தக்காரரையும் கொன்றது பற்றிக் கேட்டேன். நீங்கள் பயப்படவில்லையா? ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அவள் காதுக்குப் பின்னால் ஒரு தழும்பு. அதைக் காட்டினார். "இது நான் செஞ்சது. முதல் வருஷம். துரட்டியால. அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாங்க." தழும்பின் மேல் வேப்பெண்ணெய் தடவினார். ஆறி 18 வருடமான தழும்பு அது.

ஜனவரி 27, திங்கள்

வீதியில் வசூல். 41 வீடு. இரண்டு டிராக்டர் வண்டல் மண் கொட்டிவிட்டோம். ஆபீஸில் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. ஒரு பக்கம் மேடாகக் குவிக்கச் சொன்னார் டாக்டர். சாய்ந்து படுத்தால் எழுவது லேசாம்.

முதல் வேலையாகத் தும்பிக்கையால் மண்ணை அள்ளி முதுகில் போட்டுக்கொண்டாள். திரும்பத் திரும்ப. மாமாகூட நின்று பார்த்தார். அரை மணி நேரம் ஆட்டமே இல்லை. நான் எண்ணத் தயாராக நின்றேன், எண்ண ஒன்றும் இல்லை.

ஜனவரி 29, புதன்

தை அமாவாசை. படுக்கவில்லை. மேட்டில் சாய்ந்து மட்டும் நிற்கிறாள்.

ஜனவரி 30, வியாழன்

விடியற்காலை 3 மணிக்குப் பாகர் அண்ணன் போன். பதறிப்போய் எடுத்தேன். "படுத்துருக்கா. தூங்குறா" என்று கிசுகிசுத்தார். வேறு ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மூச்சு விடுகிற சத்தம் போனில் கேட்டது.

5.20க்கு எழுந்துவிட்டாளாம். தானாகவே.

ஜனவரி 31, வெள்ளி

ஆர்டர் வந்துவிட்டது. லாரி செவ்வாய்க்கிழமை. பாகர் அண்ணன் கூடப் போகலாமா என்பதற்கு மட்டும் அதில் ஒரு வரி இல்லை. அவர் வேட்டி சட்டையெல்லாம் பையில் எடுத்து வைத்துவிட்டார்.

அம்மா மேல் பரணிலிருந்து அந்தத் தாம்பாளத்தை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். மேளம் சொல்லலாமா என்று வீதியில் கேட்கிறார்கள். வேண்டாம் என்று சொல்ல வேண்டும். காலையில் எல்லார் வீட்டுக்கும் போக வேண்டும், முதலில் அம்மாவிடம்