ஃபில்டர் வாங்கும்போது நான் பார்ப்பது

நெடுந்தூர நடைக்குத் தண்ணீர் ஃபில்டர் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் எடையைத்தான் முதலில் கேட்கிறார்கள். எனக்கு அது கடைசிக் கேள்வி. பையில் தண்ணீர் நிரப்பி அழுத்திக் குடிக்கிற இரண்டு ஃபில்டர்களை எடுத்துக்கொள்ளுங்கள்: சாயர் ஸ்க்வீஸ் சுமார் 85 கிராம், கடடின் பீஃப்ரீ 60 சொச்சம். முதுகுக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. அடைத்துக்கொண்டால் காட்டிலேயே சுத்தம் செய்ய முடியுமா என்பதுதான் என் கேள்வி.

இரண்டிலும் உள்ளே இருப்பது மெல்லிய குழல் இழைகள், அவற்றின் சுவரில் 0.1 மைக்ரான் துளைகள். வயிற்றைக் கெடுக்கும் ஒட்டுண்ணிகளில் ஜியார்டியா 8 முதல் 12 மைக்ரான், கிரிப்டோஸ்போரிடியம் 4 முதல் 6. இரண்டும் அதற்குள் நுழைய வழியில்லை. பாக்டீரியாவும் அப்படித்தான். ஆனால் அதே துளைகளில்தான் வண்டலும் போய் உட்காருகிறது. புது ஃபில்டரில் குழாய்த் தண்ணீரை ஊற்றி வேகம் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. மழைக்கு அடுத்த நாள் கலங்கிய ஓடையில் பையை நிரப்பி அழுத்திப் பாருங்கள். முதல் பை சரசரவென்று இறங்கும். போகப்போகத் தாரை நூலாக மெலியும், கை வலிக்கும். ஓங்கி அழுத்தினால் பையின் தையல்தான் விடும்.

சாயரில் சுத்தமான தண்ணீரைச் சிரிஞ்சில் எடுத்து, குடிக்கிற பக்கத்திலிருந்து பலமாகச் செலுத்தலாம். மறுபக்கம் பழுப்பாக ஒழுகும். அது தெளியும்வரை விடாமல் செய்தால் வேகம் திரும்பிவிடும். பீஃப்ரீயைத் தண்ணீரில் குலுக்கி அலச வேண்டியதுதான். தெளிந்த ஓடைகள் உள்ள பாதைக்கு அது அருமை, குடிக்கவும் சுலபம். வண்டல் பாதைக்கு நான் சாயரைத்தான் எடுப்பேன். அதன் மரை 28 மில்லிமீட்டர் என்பதால் பை கிழிந்தாலும் சாதாரண சோடா பாட்டிலில் மாட்டி வேலையை முடிக்கலாம். நடுக்காட்டில் அது சின்ன விஷயமே இல்லை. எதுவானாலும், கலங்கல் தண்ணீரைக் கொஞ்ச நேரம் தெளியவிட்டு, துணியில் வடித்தபிறகு ஊற்றுங்கள்.

அப்புறம், வைரஸ். அது இந்தத் துளைகளைவிடச் சிறியது, தாண்டிவிடும். உப்பும் கரைந்த ரசாயனங்களும் அப்படியே. வயலுக்கும் ஊருக்கும் கீழே ஓடும் தண்ணீரில் ஃபில்டரை மட்டும் நம்ப மாட்டேன். வைரஸுக்குக் குளோரின் டை ஆக்சைடு மாத்திரை போடுகிறேன். ஃபில்டரே இல்லாமல் மாத்திரையை மட்டும் நம்பினால் கிரிப்டோஸ்போரிடியத்துக்கு நாலு மணி நேரம் காத்திருக்க வேண்டும். ரசாயனத்துக்கு இந்த மாத்திரையும் உதவாது. அங்கே வேறு ஓடையைத் தேடுவதுதான் சரி.

குளிர்ப் பாதைக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று. நனைந்த ஃபில்டர் ஒருமுறை உறைந்தாலே இழைகள் விரிசல் விடலாம், வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. இரவில் நன்றாக உதறி, ஜிப் கவரில் போட்டு, ஸ்லீப்பிங் பேக்குக்குள் உடம்போடு வைத்துத் தூங்குங்கள். உறைந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே நான் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவேன்.