வான்பிங் சாலை 600-ஆம் எண்ணுக்குத் துணைக்குப் போன கதை

ஷாங்காயில் நான் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த ஆய்வகத்தில் பக்கத்து மேசை ஒரு சீன முதுகலை மாணவிக்கு. என்னை 'ஷீஜியே' என்பாள், அதாவது ஆய்வகத்து அக்கா. கொஞ்ச நாளாக அவளுக்குத் தூக்கமில்லை, சாப்பாடும் இறங்கவில்லை. கேட்டால், "நான்தான் ரொம்ப யோசிக்கிறேன் அக்கா" என்பாள். வீட்டில் அவளுக்குச் சொன்னதை அவளே எனக்குத் திருப்பிச் சொன்னாள்.

உதவிக்கு ஆளில்லாமல் இல்லை. 4000 மாணவர்களுக்கு ஒரு முழுநேர ஆலோசகராவது வேண்டும் என்று 2018-இல் கல்வி அமைச்சகமே சொல்லியிருக்கிறது. வளாகத்து ஆலோசனை மையத்தில் காசும் கிடையாது. படிப்பில் சேரும்போதே மனநலக் கேள்வித்தாள் ஒன்று தருகிறார்கள். இவள் அதில் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று தட்டிவிட்டிருக்கிறாள். உண்மையை எழுதினால் ஃபுதாவ்யுவான் கூப்பிடுவாராம். மாணவர்களுக்குப் பொறுப்பான அதிகாரி அவர். விடுதி, விடுப்பு, உதவித்தொகை எல்லாம் அவர் வழியாகத்தான். அவருக்குத் தெரிந்தால் ஊருக்குப் போன் போகும், படிப்பை ஒரு வருஷம் நிறுத்தி வைக்கச் சொல்வார்கள். நோயைவிட அவளுக்கு இதுதான் பயம். வீண்பயம் என்று நான் சொல்லமாட்டேன்.

கடைசியில் வளாக மையத்துக்குப் போனோம். முதலில் ஒப்புதல் படிவம். பேசுவது வெளியே போகாது, உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் தெரிவிப்போம் என்று இருந்தது. அந்த வரியில் விரலை வைத்தவள் பேனாவை மூடிவிட்டாள். ஆலோசகர் அவசரப்படுத்தவில்லை. "உங்க ஃபுதாவ்யுவான்கிட்ட எதைச் சொல்வேன், எதைச் சொல்லமாட்டேன்னு கேட்டுக்கோ. அப்புறம் கையெழுத்துப் போடு" என்றார். அவள் கேட்டாள், ஒவ்வொன்றாக. அதன் பிறகே கையெழுத்து.

பிறகு ஆலோசகரே மருத்துவமனைக்கு அனுப்பினார். 2013-இல் நடைமுறைக்கு வந்த மனநலச் சட்டப்படி ஆலோசகர் இன்ன நோய் என்று சொல்லக்கூடாது, சிகிச்சையும் தரக்கூடாது. அந்த மருத்துவமனை, ஷாங்காய் மனநல மையம், இருப்பது வான்பிங் தெற்குச் சாலை 600-ஆம் எண்ணில். ஷாங்காயில் யாரையாவது பைத்தியம் என்று கிண்டலடிக்க இந்த எண்ணைச் சொன்னாலே போதும். 2021-இல் அந்த மருத்துவமனை பெயர் பொறித்த மூன்கேக்குக்கு, அதாவது இலையுதிர்காலத் திருவிழா இனிப்புக்கு, இணையத்தில் அடிதடியே நடந்தது. கேக் என்றால் போட்டி, சீட்டு எடுக்க மட்டும் முகக்கவசத்தைக் கண்வரை ஏற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது!

உள்ளே மற்ற மருத்துவமனை மாதிரிதான். போனில் முன்பதிவு, கணினியில் நீளமான கேள்வித்தாள், ரத்தப் பரிசோதனை. டாக்டர் பேசியது கொஞ்ச நேரம். மாத்திரை வேலை செய்ய சில வாரம் ஆகும், நடுவில் நிறுத்தக்கூடாது என்பதை மட்டும் அழுத்திச் சொன்னார். காப்பீடு இருந்தும் முழுத் தொகையையும் கையிலிருந்து கட்டினாள். ரசீது பல்கலைக்கழகத்துக்குப் போய்விடக் கூடாதாம்.

நேரில் போகத் தயங்குகிறவர்களுக்கு 2025 முதல் 12356 என்ற பொது உதவி எண் வந்திருக்கிறது.

வசந்த விழாவுக்கு, அதாவது சீனப் புத்தாண்டுக்கு, ஊருக்குப் போனபோது அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அம்மா கேட்ட முதல் கேள்வி, "வேற யாருக்குத் தெரியும்?" இப்போது மாத்திரை தீரும் நாளை அம்மாதான் ஞாபகப்படுத்துகிறார், அப்பாவுக்குத் தெரியாமல்.